சிங்கப்பூர் பார்த்த மனுசன்

சபுராளி பொண்டாட்டி என்றால் ஊரில் எல்லாருக்கும் ஒரு பொறாமை. கப்பலேறிப் போய்ச் சம்பாதிக்கிற ஆளைத்தான் கடலூர் முதுநகரில் சபுராளி என்பார்கள். அவன் பொண்டாட்டிக்கு என்ன குறைச்சல், கோடாலித் தைலம் உண்டு, ஜப்பான் சேலை உண்டு, மாசம் பிறந்தால் மணியார்டர் உண்டு என்று வாய் ஓயாமல் பேசுவார்கள். ஆள் மட்டும் கிடையாது. அதைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விட மாட்டார்கள்.

அமீருன்னிசாவுக்கு இப்படியே பதினாறு வருசம் ஓடிவிட்டது. அவள் புருசன் ஹபிபுல்லாவுக்குச் சிங்கப்பூரில் ஒரு மளிகை மண்டியில் வேலை. நாலு வருசத்துக்கு ஒருதரம் வருவார், நாலு மாசம் இருப்பார், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆனால் மாசம் ஒரு படக்கார்டு தவறாது. ஒரு பக்கம் சிங்கப்பூரின் கலர்ப் படம், மறுபக்கம் அவர் கைப்பட அரபுத்தமிழில் பத்து வரி. அரபி எழுத்திலேயே தமிழை எழுதுவது அது. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவளானாலும் குர்ஆன் ஓதக் கற்றவள் அதைப் படித்துவிடுவாள், பதிலும் எழுதிவிடுவாள். புருசன் கடுதாசியை அடுத்தவனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுகிற வெட்கக்கேடு அவளுக்கு இல்லை.

அந்தக் கார்டுகளையெல்லாம் அவள் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தாள். மணிக்கூண்டு, குரங்குகள் திரிகிற பூந்தோட்டம், பதினெட்டு மாடிக் கட்டடம், வெள்ளைக் கும்மட்டம் வைத்த மியூசியம், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். "இன்று மியூசியம் சென்று கண்டேன். அங்கே திமிங்கலத்தின் எலும்பு முழுசாகத் தொங்குகிறது. நம் தெரு அகலம் போதாது" என்று எழுதியிருப்பார். அதை நூறு தடவை படித்திருப்பாள். அடுப்பை ஊதிக்கொண்டே, திமிங்கலத்தைத் தெருவில் போட்டால் எந்த வீட்டு வாசலிலிருந்து எந்த வீட்டு வாசல் வரைக்கும் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பாள்.

அறுபத்திரண்டாம் வருசம் ஹபிபுல்லா வந்தபோதுதான் பேச்சு மாறியது. முதலாளி அவரைக் கடைப் பொறுப்புக்கு உயர்த்தி, கடைக்கு மேல் மாடியில் ரெண்டு அறையும் ஒதுக்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். சம்சாரத்தை அழைத்துக்கொண்டு வருவதானால் பாஸுக்கு ஏற்பாடு பண்ணுகிறேன், சட்டென்று பதில் போடு என்று கடுதாசியும் வந்துவிட்டது.

"என்னா சொல்றே அமீரு? வர்றியா?" என்று கேட்டார் ஹபிபுல்லா.

அமீருன்னிசா அடுப்பை ஊதப் போய்விட்டாள். சொல்லத் தெரியவில்லை. வடக்கே நெல்லிக்குப்பம், அங்கே மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது. தெற்கே பரங்கிப்பேட்டை, அங்கே மாமியார் பிறந்த வீடு. இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் அவள் உலகம். மாமியாரும் போன வருசம் மவுத்தாகிவிட்டார். இருக்கிற காரணம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வந்தாலும், பயம் மட்டும் கழலவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார் மனுசன். அப்புறம் ஒரு சனிக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "நீ ஒரு டவுனுன்னா என்னான்னு கண்ணால பாத்ததில்ல. அதான் பயப்படுறே. கெளம்பு, ரெண்டு நாள் சிதம்பரம் போயி ஓட்டல்ல சாப்ட்டு, கோபுரம், மியூசியம் எல்லாத்தையும் பாத்துட்டு வருவோம். பாத்துட்டு வந்து சொல்லு. திங்கக்கெழம தபால்ல நான் மொதலாளிக்கு பதில் போடணும். வர்றேன்னாலும் சரி, வரலேன்னாலும் சரி."

"ஊரு சுத்திப் பாக்கவா? சும்மாவா?" என்றாள் அமீருன்னிசா. கல்யாணம், சாவு, தர்கா கந்தூரி இல்லாமல் ஒரு பொம்பளை ரயிலேறலாம் என்பதே அவளுக்குப் புதுசாக இருந்தது.

"சும்மாதான்."

துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவி வாசலில் நின்று, "எங்க போறீங்க, யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டாள். "யாருக்கும் ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்று அமீருன்னிசா சொன்னதை அவள் நம்பவே இல்லை.

சிதம்பரத்தில் இறங்கியதும் முதல் வேலை சாப்பாடு. மேலவீதிப் பக்கம் ஒரு பிரியாணி ஓட்டலில் ஒரு மூலையைப் பலகை வைத்து அடைத்து, பச்சைத் துணி தொங்கவிட்டு, 'பேமிலி ரூம்' என்று எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே போனால் பளிங்குக்கல் பதித்த மேசை. சுவரில் ஆளுயரக் கண்ணாடி. மேலே காற்றாடி ஓடியது, யாரும் இழுக்காமலே. துப்பட்டியை விலக்கிவிட்டு அமீருன்னிசா கண்ணாடியைப் பார்த்தாள். தலை முதல் கால் வரைக்கும் தன்னை ஒரே நேரத்தில் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. முப்பத்தைந்து வயசில்! 'பரவால்ல, நல்லாத்தான் இருக்கேன்' என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்புக்காகவே வெட்கப்பட்டாள்.

சர்வர் ரெண்டு தட்டு பிரியாணி கொண்டுவந்து வைத்தான். ஹபிபுல்லா பிஸ்மி சொல்லி ஆரம்பித்துவிட்டார். அமீருன்னிசா தன் தட்டை ஓரமாகத் தள்ளி, தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். ஆம்பளை சாப்பிட்டு எழுந்தபிறகுதான் பொம்பளை சாப்பிடுவது. அது ஓட்டலானால் என்ன, வீடானால் என்ன?

சர்வர் ரெண்டு தரம் எட்டிப் பார்த்தான். மூன்றாம் தரம் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டான். "என்னா பாயம்மா, கறி வேகலியா? மாத்திக் கொண்டாரட்டுமா?"

ஹபிபுல்லாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சாப்புடு புள்ள. சிங்கப்பூர்ல ஆம்பளயும் பொம்பளயும் எதிரெதிரே ஒக்காந்துதான் சாப்புடுவாங்க."

சாப்பிட்டாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருசத்தில் அவர் மெல்லுவதை நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான். இடது பக்கம்தான் மெல்லுகிறார், வலது பக்கம் பல் போய்விட்டது போலிருக்கிறது. எப்போது போயிற்று? எந்தக் கார்டிலும் எழுதவில்லையே.

சாப்பாட்டுக்கு மேல் ஐஸ்கிரீம் வந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் வெள்ளையாய் ஒரு உருண்டை, அதிலிருந்து புகை வேறு. சூடு என்று நினைத்து ஊதினாள். ஊதிவிட்டு வாயில் வைத்தவள், "யா அல்லா!" என்று அலறியேவிட்டாள். பல்லெல்லாம் கூசி, கண்ணில் தண்ணி வந்து, அப்புறம் அது தொண்டையில் இறங்கியபோது, சுவனத்தில் கொடுக்கிற பண்டம் இதுதானோ என்று இருந்தது.

"இதென்னா பெரிசு. சிங்கப்பூர்ல இதுல நாப்பது தினுசு இருக்கு" என்றார் ஹபிபுல்லா.

"நாப்பதா! நீங்க எதெத சாப்ட்டிருக்கீங்க மச்சான்?"

"எல்லாந்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் பில்லுக்குக் கை காட்டினார்.

வெயில் தாழக் கோபுரத்துக்குப் போனார்கள். கீழக்கோபுர வாசலில் அமீருன்னிசா தயங்கி நின்றாள். நாம் போகலாமா, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று அவளுக்கு. வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பட்டம்மாள் என்கிற கிழவி, "சாமி கும்புடுறது ஒங்க இஷ்டம். கோபுரம் பாக்கறதுக்கு என்னா பாயம்மா, வானத்துல பாதிய அடச்சிக்கிட்டு நிக்குது, வேணாம்னாலும் தெரியத்தான் போவுது. நல்லா பாத்துட்டுப் போ" என்றாள்.

அண்ணாந்தாள். ஏழு நிலை. எண்ண ஆரம்பித்து நாலாவதிலேயே பிடரி வலித்தது. மேலே போகப் போகப் பொம்மைகள் சின்னதாகி, உச்சியில் புறா எது, பொம்மை எது என்றே தெரியவில்லை. வாசலுக்குள் நுழைந்தால் ரெண்டு பக்கச் சுவரிலும் கீழேயிருந்து மேல்வரைக்கும் ஆடுகிற பெண்கள். அத்தனையும் கல். ஒருத்தி காலைத் தூக்கித் தலைக்கு மேலே கொண்டுபோயிருந்தாள். ஒருத்தி இடுப்பை ஒடித்து முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். நூற்றெட்டு ஆட்டம் என்று யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டு போனார்கள். அமீருன்னிசா ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. ஒரு ஆள் உட்கார்ந்து, ஒரு உளியை வைத்துக்கொண்டு, ஒரு விரல் மடங்குவதைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறானே, அவன் இதையெல்லாம் எத்தனை வருசம் செய்தான்? அவன் பொண்டாட்டி எங்கே இருந்தாள்? அமீருன்னிசா துப்பட்டி நுனியால் கண்ணைத் துடைத்தாள். கண்ணில் தண்ணி வந்ததற்குக் காரணம் சொல்லச் சொன்னால் தெரியாது.

"மச்சான், இத பாருங்களேன், இந்தப் பொண்ணு காலுல சலங்கை மணியக்கூட எண்ணிடலாம்!"

"இதென்னா, சிங்கப்பூர்ல பதினெட்டு மாடிக் கட்டடம் இருக்கு. தெரியுமில்ல? கார்டு அனுப்பினேனே."

"தெரியும். மேல ஏறிப் பாத்தீங்களா? எப்டி இருந்துச்சி?"

"லிப்ட்டு இருக்கு" என்றார். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லை.

அமீருன்னிசாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன மனுசன் இவர்! ஐஸ்கிரீமைக் காட்டினால் நாற்பது தினுசு. கோபுரத்தைக் காட்டினால் பதினெட்டு மாடி. எதற்கும் வாயைப் பிளக்காத ஆளோடு ஊர் சுற்றுவதும் ஒன்றுதான், உரலைக் கட்டி இழுத்துக்கொண்டு நடப்பதும் ஒன்றுதான்.

அன்று இரவு ஹபிபுல்லாவின் சின்னாத்தா மகள் ஜொஹரா பீவி வீட்டில் தங்கினார்கள். அமீருன்னிசாவுக்குத் தூக்கம் வரவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை. அவள் இங்கே மாமியாருக்குக் கஞ்சி ஊற்றி, மகளுக்குப் பேன் பார்த்து, மழைக்கு ஒழுகுகிற ஓட்டை மாற்றி, ஒற்றையாளாய் அல்லாடிக்கொண்டிருந்தபோது, இவர் அங்கே பூந்தோட்டத்தில் குரங்கு பார்த்திருக்கிறார். திமிங்கலம் பார்த்திருக்கிறார். எல்லாவற்றையும் தனியாகவே பார்த்து முடித்துவிட்டார். இனி அவள் போய் என்ன செய்ய? அவள் ஒவ்வொன்றையும் பார்த்து ஆவென்று நிற்பாள். இவர் பக்கத்தில் நின்று, இதென்னா பெரிசு என்பார். பட்டிக்காட்டாள் மிட்டாய்க்கடையைப் பார்த்த கதையாக மிச்ச ஆயுசு போகும். வேண்டவே வேண்டாம். வரலை என்று சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டாள். முடிவு பண்ணியதும் தூக்கம் வந்துவிட்டது.

மறுநாள் அண்ணாமலை நகருக்குக் குதிரை வண்டி. பல்கலைக்கழகத்தில் பிராணிகளின் மியூசியம் ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் வரைக்கும் திறந்திருக்கும் என்று ஜொஹரா பீவி சொல்லியிருந்தாள். வண்டி போகப் போக ஹபிபுல்லா பேசிக்கொண்டே வந்தார். இது சின்னதாத்தான் இருக்கும், சிங்கப்பூர் மியூசியம் மாதிரி வராது, மேலே கும்மட்டம் எல்லாம் இருக்காது, எதிர்பார்க்காதே என்றார். அமீருன்னிசா வண்டிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். 'வரலை' என்ற வார்த்தை பத்திரமாக மடியில் இருந்தது. எப்போது எடுத்து நீட்டுவது என்பதுதான் பாக்கி.

மியூசியத்துக்கு எட்டுப் படி. ரெண்டு பக்கமும் தூண். படிக்குக் கீழே வந்ததும் ஹபிபுல்லாவின் பேச்சு நின்றது. அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். மாணவர்கள் நாலைந்து பேர் கலகலவென்று பேசிக்கொண்டு மேலே ஏறிப் போனார்கள். அவர்கள் போகட்டும் என்று ஒதுங்கி நின்றார். பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றி, தூண் மறைவில் ஜோடியாய் வைத்தார். அவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அமீருன்னிசாவும் கழற்றி வைத்தாள்.

வாசலில் காக்கிச் சட்டை போட்ட காவலாளி அந்தோணிசாமி இருந்தார். வெறுங்காலோடு வருகிற ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு, "பாய், இது பள்ளிவாசல் இல்ல. செருப்போடவே வரலாம்" என்றார்.

"அப்டியா" என்றார் ஹபிபுல்லா. குரல் இறங்கியிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்து நீட்டினார். "ரெண்டு டிக்கெட்."

"டிக்கெட் கெடயாது பாய். நோட்ல பேரு எழுதிட்டுப் போங்க."

நோட்டைத் திருப்பி வைத்துப் பேனாவைக் கொடுத்தார். ஹபிபுல்லா பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேர், ஊர் எழுதிவிட்டார். மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்தது. "இதுல என்னாங்க எழுதணும்?" என்று காவலாளியைக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வந்த அப்பன் வாத்தியாரைக் கேட்பது போலக் கேட்டார். "பாத்துட்டு வந்து பிடிச்சிருக்குன்னு எழுதறதுக்குங்க. இப்ப எழுதக் கூடாது" என்றார் அந்தோணிசாமி. "அப்ப... எந்தப் பக்கமா போவணும்? யாராச்சும் கூட வருவாங்களா?" என்றார் ஹபிபுல்லா.

அமீருன்னிசா அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா பிடித்த கை வேர்த்து, பேர் எழுதின இடத்தில் தாள் நனைந்திருந்தது.

சிங்கப்பூர் மியூசியத்துக்குப் போய் வந்த மனுசனுக்கு இந்த எட்டுப் படி ஏற ஏன் இப்படி வேர்க்கிறது? கேள்வி வந்துவிட்டது. ஆனால் உள்ளே கால் வைத்ததும் கேள்வி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. முன்னால் கண்ணாடி ஜாடி, அதற்கு அடுத்து கண்ணாடி ஜாடி, கண்ணுக்கெட்டிய மட்டும் கண்ணாடி ஜாடி.

முதல் ஜாடியில் ஒரு விரல் நீளத்துக்குக் குதிரை. குதிரை முகம், குரங்கு வால், உடம்பெல்லாம் கட்டம் கட்டமாய் எலும்பு. கடலில் இருக்கிறதாம். பிறந்ததிலிருந்து முதுநகர் மீனைத் தின்று வளர்ந்தவள், ஒருநாளும் இதைக் கண்டதில்லை. அதற்கடுத்து மயில்தோகையைப் போல விரிந்த மீன். அப்புறம் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு நண்டு. மரம் மாதிரி கிளை விட்ட கல், அது கல் இல்லையாம், உசிருள்ளதாம். ரெண்டு தலையோடு பிறந்து கண்ணைத் திறக்காமலே போன கன்றுக்குட்டி. அதைப் பார்த்து, "இன்னா லில்லாஹி" என்று சாவுச் செய்திக்குச் சொல்லுவதைச் சொல்லிக்கொண்டாள் அமீருன்னிசா.

"இதெல்லாம் கெடக்கிற தண்ணி மேலயா மச்சான் நீங்க ஏழு நாள் கப்பல்ல போறீங்க?"

சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

ஹபிபுல்லா கூடத்து நடுவில் நின்றுகொண்டிருந்தார். தலை அண்ணாந்திருந்தது. மேலே கூரையிலிருந்து இரும்புச் சங்கிலியில் ஒரு எலும்புக்கூடு தொங்கியது. கரையொதுங்கிய திமிங்கலக் குட்டியின் எலும்பு. குட்டிதான், ஆனால் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து பாதி தூரம் வந்திருந்தது. விலா எலும்புகள் படகுக்குள் அடித்த வளைச்சட்டங்களைப் போல வரிசையாய் வளைந்து இறங்கின. தாடையில் மட்டுமே ஒரு ஆள் படுக்கலாம். ஹபிபுல்லாவின் தொப்பி பின்னால் சரிந்து கீழே விழுந்தது, அதுகூட அவருக்குத் தெரியவில்லை. வாய் பிளந்திருந்தது. நேற்றெல்லாம் இதென்னா பெரிசு என்று சொன்ன அதே வாய்.

அமீருன்னிசா கிட்டே போனாள். அவர் கை அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. நாலு பேர் நடமாடுகிற இடத்தில் அவர் அப்படிச் செய்ததே இல்லை.

"சுப்ஹானல்லா..." என்றார். "அமீரு, இம்மாம் பெருசாவா இருக்கும்? ஒரு பிராணி இம்மாம் பெருசாவா இருக்கும்?"

அமீருன்னிசா தொப்பியை எடுத்துத் தூசி தட்டி அவர் கையில் கொடுத்தாள். நாக்கு நுனியில் வந்ததைக் கேட்காமல் விட அவளால் முடியவில்லை. "இது குட்டிதானே மச்சான். நீங்க பாத்தது பெருசு. நம்ம தெரு அகலம் போதாதுன்னு எழுதினீங்களே."

கையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. எலும்புக்கூட்டுக்குக் கீழே ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் போய் உட்கார்ந்தார். தொப்பியை ரெண்டு கையிலும் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"நான் பாக்கல, அமீரு."

"என்னாத்த பாக்கல?"

"எதையுமே பாக்கல. மியூசியம், பூந்தோட்டம், அந்த மாடிக் கட்டடம், எதையும். காலையில அஞ்சரைக்கு கடை தொறக்கணும். ராத்திரி பத்துக்கு மேலதான் சாத்தறது. சாத்திட்டு அங்கயே சாக்கு மேல படுத்துக்கறது. ஞாயித்துக்கெழம மத்தியானம் லீவு. அப்ப துணி தொவைக்கணும், முடி வெட்டிக்கணும், ஒனக்கு கார்டு எழுதணும். அதோட பொழுது போயிடும்."

"அப்ப திமிங்கலம்?"

"கார்டுக்குப் பின்னால இங்கிலீசுல அச்சடிச்சிருப்பான். கடை கணக்கப்பிள்ளை சுப்பிரமணியன் படிச்சிச் சொல்லுவாரு. அத வெச்சித்தான் எழுதுவேன். தெரு அகலம் போதாதுன்னது மட்டும் நானா போட்டது." தொப்பியை மடியில் வைத்தார். "ஒரே ஒரு தரம் போனேன். பெருநாளு அன்னிக்கி. மியூசியத்துப் படி வரைக்கும் போயிட்டேன். வெள்ளக்காரங்க பூட்ஸ் போட்டுக்கிட்டு உள்ள போறாங்க. நான் கைலி கட்டியிருந்தேன். உடுவானோ மாட்டானோன்னு ரொம்ப நேரம் அங்கயே நின்னேன். அப்புறம் ரோட்டோரத்துல அந்தப் படத்த பத்து காசுக்கு வாங்கிட்டுத் திரும்பிட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனுசன், அதுவும் பதினாறு வருசம்! அமீருன்னிசாவுக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. "எதுக்கு மச்சான் எங்கிட்ட பொய்யி? நான் கேட்டேனா?"

"கேட்டியே!" என்று நிமிர்ந்தார் ஹபிபுல்லா. கண் கலங்கியிருந்தது. "ஒவ்வொரு கடுதாசியிலயும் கேட்டியே. இன்னும் என்ன பார்த்தீர்கள், எழுதுங்கள்னு. நான் என்னாத்த எழுதுவேன்? இன்னிக்கி நூறு மூட்ட எறக்கினேன், நாளைக்கி நூறு மூட்ட அடுக்குவேன்னா? நீ இங்க தனியா கெடக்கறே. நான் அங்க அதுக்கேத்த மாதிரி சந்தோசமாவாச்சும் இருக்கேன்னு நீ நெனச்சா, ஒனக்கும் ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன்."

அமீருன்னிசா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்று ராத்திரி எவ்வளவு பொறாமைப்பட்டாள்! சாக்கு மேல் படுத்துக்கிடந்த மனுசனைப் பார்த்தா பொறாமைப்பட்டாள்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே, அச்சடித்ததைப் படிக்கச் சொல்லிக் கேட்டு எழுதினாரே என்று நினைத்ததும், எங்கிருந்தோ சிரிப்பும் வந்துவிட்டது. துப்பட்டியை வாயில் பொத்திக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது. ஒரு மாணவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க மச்சான்."

"எங்க?"

"மொத ஜாடியிலேர்ந்து. நீங்க ஒண்ணுத்தையும் சரியா பாக்கல. நானும் தனியாத்தான் பாத்தேன்."

முதல் ஜாடிக்கே திரும்பிப் போனார்கள். கடல்குதிரையைப் பார்த்து ஹபிபுல்லா, "அட, இது மூஞ்சப் பாரேன், நம்ம பள்ளிவாசல் முத்தவல்லி மாதிரியே இருக்கு!" என்றார். மலைப்பாம்பைப் பார்த்து ரெண்டடி பின்னால் போனார். பாடம் பண்ணி வைத்த ஆந்தை, இவர்களைப் பார்த்தபடியே இருக்கிறது என்று ரெண்டு பேரும் இடம் மாறி மாறி நின்று சோதித்தார்கள். ஒரு முட்டைக்குள் குஞ்சு எப்படி நாளுக்கு நாள் வளர்கிறது என்று இருபத்தொரு சின்னக் கண்ணாடியில் வரிசையாய் வைத்திருந்தார்கள். ஹபிபுல்லா குனிந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டே போனார். சாக்கு அடுக்கின அவர் கை அந்தக் கண்ணாடியைத் தொடப் பார்த்து, தொடாமல் திரும்பியது. "அல்லா இதையெல்லாம் யாருமே பாக்காத எடத்துல செஞ்சிக்கிட்டு இருக்கான் அமீரு" என்றார். உலகத்தில் அவர் கண்ட முதல் மியூசியம் அது. அந்த முகத்தை அமீருன்னிசா பக்கத்திலிருந்து பார்த்தாள். நாற்பத்திநாலு வயசு ஆளின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் கண்டதில்லை.

சாத்துகிற நேரமாகிவிட்டது என்று அந்தோணிசாமி வந்து சொல்லுகிற வரைக்கும் அவர்கள் நகரவில்லை. போகும்போது ஹபிபுல்லா நோட்டின் மூன்றாவது கட்டத்தில் ஏதோ எழுத ஆரம்பித்தார். கட்டம் போதவில்லை, அடுத்த ஆளின் கட்டத்துக்குள்ளும் போய்விட்டது. அந்தோணிசாமி கீழே புதுசாக ஒரு கட்டம் போட்டுக்கொண்டார்.

சாயங்கால வண்டிக்குச் சிதம்பரம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்கள். பிளாட்பாரத்தில் கூட்டமில்லை. ஹபிபுல்லா ரெண்டு டீ வாங்கி வந்தார். பிறகு அவராகவே பேச்செடுத்தார்.

"நீ ஒண்ணும் பதில் சொல்ல வேணாம். மொதலாளிக்கு, வரலேன்னு நானே எழுதிடுறேன். ஊரச் சுத்திக் காட்டறேன், வான்னு ஒன்னக் கூப்ட்டேன். காட்டறதுக்கு எனக்கு அந்த ஊர்ல ஒண்ணும் தெரியாது. கடையிலேர்ந்து சரக்கு வெக்கிற கிட்டங்கிக்கு வழி தெரியும். கிட்டங்கியிலேர்ந்து பள்ளிவாசலுக்கு வழி தெரியும். இத நம்பி ஒரு பொம்பளய கடல் தாண்டி இட்டுக்கிட்டுப் போறது பாவம்."

நேற்று ராத்திரி அவள் மடியில் கட்டி வைத்த வார்த்தையை, அவரே எடுத்துச் சொல்லிவிட்டார். தலையாட்டினால் போதும். வீடு இருக்கிறது, மகள் பக்கத்தில் இருக்கிறாள், பழகின தெரு இருக்கிறது. தூரத்தில் கைகாட்டி இறங்கியது. வண்டி வருகிற சத்தம் கேட்டது. ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

அமீருன்னிசா எழுந்திருக்கவில்லை. "ஞாயித்துக்கெழம மத்தியானம் லீவு, இல்லியா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"கடையிலேர்ந்து அந்த மியூசியத்துக்கு எப்டிப் போவணும்னு தெரியுமா?"

ஹபிபுல்லா அவளைப் பார்த்தார். "படி வரைக்கும் தெரியும்."

"அது போதும். படிக்கு மேல நான் ஒங்கள கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வண்டியைப் பார்த்து அவள் முன்னால் நடந்தாள்.